ஆழ உழுதலும் மண் இறுக்கமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தொடக்கநிலை மாணவர்க்கான அறிவியல் பயிற்சித்தாள் ஒன்றின் தமிழ் வடிவத்தை ஆசிரியர் ஒருவர் நம்மிடம் அனுப்பி, மொழியைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டிருந்தார். மண்ணைப் பற்றிய பகுதியில், ‘கடினமான மண்ணை உழுதால் இறுக்கம் நீங்கும்’ என்றொரு வாக்கியம் இருந்தது. வேற்றுமை உருபு, எச்சம், பயனிலை எல்லாம் முறையாக அமைந்திருந்தன, ஒற்றுப்பிழையும் இல்லை. நாம் பக்கத்தின் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதி அனுப்பிவிட்டோம். அந்தச் ‘சரி’ தவறு என்பதை உணர நமக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

உணர்த்தியது நூலன்று, ஒரு மக்காச்சோளச் செடி. தமிழ்நாட்டின் பெரம்பலூர்ப் பகுதியில் மக்காச்சோளம் பயிரிடும் உறவினர் ஒருவரின் புஞ்சைக்குச் சென்றிருந்தோம். செம்மண் நிலம். இடுப்பளவு வளர வேண்டிய பயிர் முழங்காலளவில் நின்றது. இலை விளிம்புகள் சில மஞ்சளாகவும், சில செம்மை கலந்த ஊதா நிறமாகவும் இருந்தன. அவர் மண்வெட்டியால் ஒரு செடியைச் சுற்றித் தோண்டி, வேரோடு எடுத்து நம் கையில் கொடுத்தார். கீழ்நோக்கி ஒரு சாண் இறங்கிய வேர், அங்கே சட்டென வளைந்து பக்கவாட்டில் ஓடியிருந்தது. மொழிக்காரனின் கண்ணுக்கு அது ‘ட’ என்னும் எழுத்தாகவே தெரிந்தது. “மேல பாத்தா புழுதி மாமா, கீழ பாத்தா பாறை” என்றார் அவர். அது பாறையன்று. ஆண்டுதோறும் அவரே உழுது உருவாக்கிய தட்டு.

உழுததால் மண் இறுகியது என்பது, அன்று நம் காதுக்கு முரண்தொடையாகவே ஒலித்தது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் பயிரின் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் ‘சோளம்’ என்று சொல்லும்போது மலாய்மொழியின் ‘ஜாகோங்’ என்னும் பயிரையே எண்ணுகிறோம். தமிழ்நாட்டு உழவர்க்குச் சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. முன்னது பழந்தானியம், பின்னது மெக்சிகோவில் தோன்றி, ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னரே ஆசியாவிற்கு வந்த பயிர். இங்கே பேசப்படுவது மக்காச்சோளம். அது நமக்குத் தொலைவான பயிருமன்று. மலேசியக் கோழிப்பண்ணைகளுக்கு வேண்டிய தீவனச் சோளத்தின் மிகப் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசில் முதலிய நாடுகளிலிருந்தே வருகிறது. அந்நாட்டுப் புலங்களில் மண் எவ்வாறு கையாளப்படுகிறது என்பது நம் உணவுத் தட்டோடு தொடர்புடைய செய்தி.

நல்ல மேல்மண்ணின் ஒரு கனஅளவை எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழப் பாதியே திடப்பொருள். மீதிப் பாதி வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் நீரும் காற்றும் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மண்ணின்மேல் எடை ஏறும்போது திடப்பொருள் சுருங்குவதில்லை, வெற்றிடமே சுருங்குகிறது. அதிலும் முதலில் அழிவன பெரிய துளைகள். மழைநீர் விரைந்து இறங்குவதும், காற்று உள்ளே புகுவதும், வேர் நுழைவதும் அவற்றின் வழியாகத்தான். இதுவே இறுக்கம். கடினம் என்பது வேறு. நன்கு துளையுள்ள களிமண்கூடக் கோடையில் காய்ந்தால் கம்பி இறங்காத அளவு கடினமாகும். மழை பெய்ததும் நெகிழ்ந்துவிடும். இறுகிய மண்ணோ மழைக்குப் பின் மென்மையாகத் தோன்றினாலும், அதன் துளைகள் திரும்ப வருவதில்லை. கடினம் மண்ணின் அன்றைய நிலை. இறுக்கம் மண்ணின் அமைப்பு. பயிற்சித்தாளின் வாக்கியம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, நாமும் அதற்கு ஒப்பமிட்டோம். இவ்வேறுபாடு சொல்லாய்வாளரின் நுணுக்கமாக மட்டும் நின்றுவிட்டால் கவலையில்லை. ஆனால் காய்ந்து கடினமான நிலத்தை ‘இறுகிவிட்டது’ என்று தவறாகக் கருதும் உழவர், முதல் மழை பெய்ததும் ஈரத்திலேயே உழவு இயந்திரத்தை இறக்குகிறார். அன்றுதான் உண்மையான இறுக்கம் தொடங்குகிறது.

ஏன் ஈரத்தில்? இதற்கு விடையைச் சாலை போடுபவர்களிடம் கேட்கலாம். நம் நகரங்களில் புதிய சாலைக்கு அடித்தளம் இடும்போது, உருளையை ஓட்டுவதற்கு முன் மண்ணில் அளவாக நீர் தெளிப்பதைக் கண்டிருப்போம். 1933இல் கலிஃபோர்னியாவில் அணைகள் கட்டும் பணியில் ஈடுபட்டிருந்த ரால்ஃப் பிராக்டர் என்னும் பொறியாளர், ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகும் ஈர அளவு ஒன்று உண்டு என்று சோதனை வழியாகக் காட்டினார். மிகக் காய்ந்த மண்ணின் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நகர மறுக்கின்றன. சிறிது நீர் சேர்ந்தால் அது மசகுபோல் செயற்பட்டு, துகள்கள் வழுக்கி நெருங்குகின்றன. நீர் மிகுந்து துளைகள் நிரம்பிவிட்டால், மண் நசுங்குவதற்கு மாறாகக் குழைந்து சேறாகிறது. சாலைப் பொறியாளர் தேடும் அந்த ஈரம், மழை ஓய்ந்து ஓரிரு நாள் கழித்து, ‘இன்று விதைத்துவிடலாம்’ என்று உழவர் எண்ணும் நாளின் ஈரத்தை ஒட்டியே பல மண்களில் அமைகிறது.

அடுத்தது எடை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மேல்மண் எவ்வளவு இறுகும் என்பதைத் தீர்மானிப்பது, சக்கரமோ குளம்போ தொடும் இடத்தின் அழுத்தம். அடிமண் இறுகுமா என்பதைத் தீர்மானிப்பது, அச்சின்மேல் அமர்ந்திருக்கும் மொத்த எடை. ஏர்மாட்டின் குளம்பு சிறியது. ஆகவே அதன் அழுத்தம் மிகுதி. ஆனால் மாட்டின் எடை குறைவாதலால் பாதிப்பு மேலாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்க மக்காச்சோளப் புலங்களில் அறுவடைக்காலத்தில் ஓடும் தானிய வண்டி, ஒற்றை அச்சில் 20 டன்னுக்கும் மேற்பட்ட எடையைச் சுமப்பதுண்டு. அச்செடை 10 டன்னைக் கடந்தால், ஈர மண்ணில் அதன் பாதிப்பு அரை மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடும். அகன்ற சக்கரம் பூட்டினால் மேல்மண் தப்பும், அடிமண் தப்பாது. உழவுக் கருவி எட்டாத ஆழத்தில் நேர்ந்த இறுக்கம் பல்லாண்டுகள் நீடிக்கும். மேலும், பாதிப்பின் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. இரண்டாம், மூன்றாம் ஓட்டங்கள் சிறிதளவே கூட்டுகின்றன. ஆகவே ‘ஒரே ஒரு முறைதானே ஓட்டினேன்’ என்பது மண்ணிடம் செல்லுபடியாகாத சமாதானம்.

இனி உழவு முறைகளுக்கு வருவோம். மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பையும் சட்டிக் கலப்பையும் மேல் 20 முதல் 25 செண்டிமீட்டர் மண்ணைத் தளர்த்துகின்றன. தளர்த்தும் கருவிக்கு ஓர் அடிப்பகுதி உண்டு. அது மண்ணைத் தேய்த்து மெழுகிக்கொண்டே செல்கிறது. இறக்கைக் கலப்பையால் உழும்போது, டிராக்டரின் ஒரு பக்கச் சக்கரம் முன்பு உழுத சாலின் அடியிலேயே ஓடுவது வழக்கம். அதாவது, நேரடியாக அடிமண்ணின் மேல். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் இவ்வாறு செய்தால், உழவின் ஆழத்திற்குச் சற்றுக் கீழே மெல்லிய, அடர்ந்த தட்டு உருவாகிறது. சுழல் கலப்பை, அதாவது ரோட்டவேட்டர், இதில் இன்னும் வல்லது. அதன் கத்திகள் மேல்மண்ணை மாவாக்குகின்றன, கண்ணுக்கு அழகான புழுதி கிடைக்கிறது; ஆனால் கத்தி முனைகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஆழத்தில் அடிமண்ணை அறைகின்றன. மாவாகிய மேல்மண்ணும் நெடுநாள் அப்படியே இருப்பதில்லை. இரண்டு பலத்த மழையில் துகள்கள் கரைந்து துளைகளை அடைத்து, காய்ந்தபின் ஏடுபோல் படிகிறது. உழவு தந்த தளர்ச்சி பருவம் முடிவதற்குள் பெருமளவு மறைந்துவிடும். நம் உறவினர் ஒன்பது கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும் மாறிமாறி ஓட்டியவர், அதுவும் முதல் மழையின் ஈரத்தில். அவர் காட்டிய வேரின் ‘ட’ வடிவத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இத்தட்டை உடைக்க உளிக்கலப்பை உள்ளது. பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது: மண்ணைப் புரட்டாமல், ஆழத்தில் கீறிப் பிளப்பது. அடிமண் இறுகிய நிலங்களில் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக உளிக்கலப்பையால் உழுது, எக்டருக்கு 12.5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ இடுமாறு தமிழ்நாட்டு வேளாண் அறிஞர் பரிந்துரைக்கின்றனர். இப்பரிந்துரையில் பலர் முதற்பாதியைக் கேட்டுப் பிற்பாதியை விட்டுவிடுகின்றனர். பிளந்த இடைவெளி தானாக நிலைத்து நிற்காது. எருவும் வேரும் மண்ணுயிர்களும் துகள்களைத் திரள்களாகப் பிணைத்தால்தான் நிற்கும். இல்லையேல், தளர்ந்த மண் முன்னிலும் எளிதாக இறுகும். பிளப்பதற்கும் காலம் உண்டு. அடிமண் உலர்ந்திருந்தால் உளி செல்லும்போது மண் கண்ணாடிபோல் வெடித்து விரிசல் விடும். ஈரமாயிருந்தால், வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல ஒரு கோடு மட்டும் விழும்; எரிபொருள் செலவே மிச்சம்.

உழாமலே விட்டால் என்ன என்ற வினா இங்கே இயல்பாக எழும். 1943இல் எட்வர்ட் ஃபாக்னர் என்ற அமெரிக்கர், புரட்டி உழுவதே மடமை என்று வாதிட்டு ஒரு நூல் எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். களைக்கொல்லிகள் பரவிய பின்னரே அது பெரும்பரப்பில் நடைமுறைக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1962இல் ஒகையோ மாநிலத்தின் வூஸ்டரில் ட்ரிப்லெட், வான் டோரன் என்னும் இரு ஆய்வாளர்கள், ஆண்டுதோறும் உழும் பாத்திகளையும் உழாப் பாத்திகளையும் அருகருகே அமைத்து மக்காச்சோளம் பயிரிட்டனர். அப்பாத்திகள் இன்றளவும் தொடர்ந்து பேணப்பட்டு வருகின்றன. நீர் நன்கு வடியும் வூஸ்டர் மண்ணில், உழாத பாத்திகள் உழுதவற்றுக்கு இணையாகவும் மேலாகவும் விளைந்தன. அதே மாநிலத்தின் வடமேற்கில், நீர் வடியாத ஹாய்ட்வில் களிமண்ணிலும் இத்தகைய பாத்திகள் அமைக்கப்பட்டன. அங்கே உழாமல் ஆண்டுதோறும் மக்காச்சோளமே விதைத்த பாத்திகள் பின்தங்கின; பயிர்ச்சுழற்சி செய்தபோது அக்குறை தணிந்தது. ஒரே முறை, ஒரே பயிர், ஒரே மாநிலம். மண் மாறியதும் விடை மாறிவிட்டது. உழவு நல்லதா தீயதா என்று பட்டிமன்றம் நடத்துவோர் இச்சோதனையை ஒருமுறை படித்துவிட்டு மேடையேறுவது நலம்.

உழாத நிலத்தில் மற்றொரு புதிரும் உண்டு. மேல்மண்ணின் அடர்த்தியை அளந்தால், பல இடங்களில் அது உழுத மண்ணைவிட மிகுதியாகவே இருக்கும். ஆயினும் மழைநீர் அதில் விரைந்து இறங்குவதைப் பலமுறை கண்டுள்ளனர். காரணம், பழைய வேர்கள் மக்கி விட்டுச்சென்ற குழல்களும் மண்புழுக்களின் வளைகளும் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் நிற்பது. உழவு, துளைகளின் அளவைக் கூட்டுகிறது, தொடர்ச்சியை அறுக்கிறது. எனவே அடர்த்தி என்னும் ஓர் எண்ணை மட்டும் கொண்டு மண்ணின் நிலையைச் சொல்லிவிட முடியாது. ஊடுருவல் மானி என்னும் கூம்பு முனைக் கம்பியை மண்ணில் அழுத்தும்போது ஏறத்தாழ 2 மெகாபாஸ்கல் தடை காட்டினால் வேர் வளர்ச்சி பெரிதும் குன்றும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் வேர் கம்பியன்று. கம்பி நேராகவே இறங்கியாக வேண்டும். வேர் வழி தேடிச் செல்லும்.

வழி தேடும் வேர் ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கு 2021இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு எதிர்பாராத விடை தந்தது. வேர்கள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. துளையுள்ள மண்ணில் அது பரவிப் போய்விடும். இறுகிய மண்ணில் வெளியேற வழியின்றி வேர்நுனியைச் சுற்றியே தேங்குகிறது. அத்தேக்கத்தை ‘மேலே செல்லாதே’ என்னும் குறிப்பாகக் கொண்டு வேர் நீள்வதை நிறுத்திக்கொள்கிறது. எத்திலீனை உணர இயலாத நெல் வகைகளின் வேர்கள், அதே இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு சென்றன. அதாவது, வேரைத் தடுத்தது வலிமைக் குறைவு மட்டுமன்று, அது படித்துக்கொண்ட ஒரு குறிப்பும்தான். குறியும் பொருளும் பற்றியே வாழ்நாளெல்லாம் பாடம் சொல்லிய நமக்கு, இச்செய்தியைப் படித்த இரவு உறக்கம் சிறிது தாமதமாகவே வந்தது.

உழாமல் விதைப்பவருக்கும் இறுக்கத்திலிருந்து முழு விடுதலை இல்லை. ஈரத்தில் விதைத்தால், விதைக்கருவியின் தட்டு வெட்டும் கீறலின் இரு பக்கச்சுவர்களும் மெழுகிவிடும். மக்காச்சோள வேர் அக்கீறலுக்குள்ளேயே தட்டையாக ஓடும். இரு முனைகளுக்கும் இடைப்பட்டதாக, விதை விழும் வரிசையை மட்டும் ஒரு சாண் அகலத்திற்குக் கிளறி, வரிசைகளுக்கு நடுவே பழைய தாளை அப்படியே விடும் பட்டை உழவும் உண்டு. இயந்திரங்கள் எல்லாம் ஒரே தடத்தில் மட்டும் ஓடுமாறு வரையறுத்து, மற்ற நிலத்தைக் காக்கும் முறையும் உண்டு.

நெல்லைப் பற்றி ஒரு சொல். சேற்றுழவின் நோக்கமே அடியில் ஒரு தட்டை உருவாக்கி நீரைத் தேக்குவதுதான். நெல்லுக்கு வரமாகிய அத்தட்டு, நெல் அறுத்தபின் விதைக்கும் மக்காச்சோளத்துக்குத் தடை. ஆந்திரத்தின் குண்டூர் போன்ற கடலோர மாவட்டங்களில், நெல் தரிசில் உழாமலே மக்காச்சோளம் விதைப்பது பரவியுள்ளது. எஞ்சிய ஈரத்தையும் காலத்தையும் வீணாக்காமல் பயன்படுத்துவதே அங்கே முதன்மைக் காரணம். ஈர வயலில் மீண்டும் இயந்திரம் ஓட்டும் தீங்கும் தவிர்க்கப்படுகிறது.

கலைச்சொல்லில் ஒரு சிக்கல் இங்கே உண்டு. தமிழில் ‘உழவு’ என்பது கலப்பை ஓட்டும் செயலையும் குறிக்கும், வேளாண்மை முழுவதையும் குறிக்கும். ஆதலால் உழாமல் பயிரிடுவதை ‘உழவில்லா வேளாண்மை’ என்னும்போது, ஏதோ இல்லாமையின் பெயராக அது ஒலிக்கிறது. அர்ஜென்டினாவின் ஸ்பானிய மொழியில் அதற்கு ‘நேரடி விதைப்பு’ என்று பொருள்படும் பெயர். செய்யாததைச் சொல்லாமல் செய்வதைச் சொல்லும் பெயர். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமென்றால், தமிழ்நாட்டில் நாற்று நடாமல் நெல் விதைப்பதற்கு அப்பெயர் முன்பே வழங்கிவிட்டது. ‘தாள் விதைப்பு’ என்று சொல்லலாமா என்பது நம் முன்மொழிவு. அறுத்த தாளின் மேலேயே விதைப்பது என்ற பொருள் அதில் தெளிவாக நிற்கிறது.

‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்னும் பழமொழியை மாணவர்கள் கேட்காமலிருக்க மாட்டார்கள். ஏர்மாடு இழுத்த நாட்டுக்கலப்பை, மண்ணை மேலாகக் கீறிய காலத்தில் அது பொருத்தமான அறிவுரை; இன்றைய எடையோடும் இயந்திரத்தோடும் அதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். திருக்குறளின் உழவு அதிகாரத்தை நினைவுகூர்வோர், அங்கே ஆழம் பேசப்படாமை காண்பர். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி காய விடுவதையே வள்ளுவர் வற்புறுத்துகிறார். அடுத்த குறளில் ஏரினும் எருவை உயர்த்துகிறார். அவர் மண் இறுக்கத்தை முன்கூட்டி அறிந்தார் என்றெல்லாம் நாம் உரிமை கோரவில்லை. உழும் ஈரமும் இடும் எருவும் கருவியின் ஆழத்தினும் முதன்மையானவை என்பதை உழவர் மரபு கவனித்திருந்தது என்ற அளவில் கொள்வது போதும். நாட்டுப்புற வழக்கில் அதற்கு ‘பதம்’ என்று பெயர். கைப்பிடி மண்ணை உருட்டிப் பார்த்து, உருண்டை உதிர்ந்தால் உழலாம், களிபோல் நீண்டால் பொறுத்திரு என்பதே அதன் சோதனை. பாடநூல்களில் இச்சொல் இல்லாதது நமக்கு ஒரு மனக்குறை.

ஊர் திரும்பியதும் அந்த ஆசிரியருக்கு எழுதினோம். நம் ‘சரி’யைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மாற்று வாக்கியம் ஒன்றையும் அனுப்பினோம்: ‘ஈர மண்ணின்மேல் எடை ஏறினால் மண் இறுகும், இறுகிய மண்ணை உலர்ந்த பதத்தில் பிளந்து, எருவிட்டு, பயிரின் வேரால் காக்க வேண்டும்.’ ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு இது நீளம் என்று பணிவோடு மறுமொழி எழுதினார் அவர். வாக்கியத்திற்கு மாறாக அவர் வகுப்பில் செய்தது வேறு. பள்ளித் தோட்டத்து மண்ணை இரண்டு தகர டப்பாக்களில் நிரப்பி, ஒன்றை உலர்ந்தபடியும் மற்றொன்றைச் சற்று நனைத்தும் வைத்து, இரண்டின் மேலும் ஒரே செங்கல்லை ஒரு நாள் வைக்கச் செய்தார். மறுநாள் இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றி, எதில் விரைவாக இறங்குகிறது என்று மாணவர்களைக் கடிகாரம் பார்த்துக் குறிக்கச் சொன்னார். அவர்கள் எழுதிய வாக்கியங்களின் படிகளை நமக்கும் அனுப்பியிருந்தார். பல எழுத்துப்பிழைகள் இருந்தன. ஒன்றிலும் கடினமும் இறுக்கமும் குழம்பவில்லை.